வாயுவுக்கும் வேண்டும் முறைப்பாசனம்



அழைப்பிதழில் ‘புதுப்பிக்கத்தக்க வாயுக்களும் நீடித்த போக்குவரத்தும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். குற்றம் என்னுடையது, தலைப்பை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வீட்டில் படித்துக் காட்டியபோது, “இதைக் கேட்க யாராவது வருவாங்களா?” என்று கேட்டார் என் மனைவி. ஆகவே தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, கரி பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாத்தா கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, சென்னை மாகாணத்துப் பேருந்து முதலாளிகள் பலர் வண்டியின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். அதற்குள் அடுப்புக்கரி. முதல் நடைக்கு முன்பே போய்க் கரியைக் கொட்டி, தீ மூட்டி, காற்றாடியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். கால்மணி நேரமாவது சுற்றினால்தான் வாயு கட்டும். கட்டிவிட்டதா என்று பார்க்க ஒரு சிறு குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டுவார்கள். நீலமாகப் பிடித்துக்கொண்டால் எஞ்சினுக்குத் திறந்துவிடலாம். பிடிக்காவிட்டால் மறுபடி சுற்று. தாத்தாவின் வலது தோள் இடது தோளைவிடப் பருத்திருக்கும். அதற்குக் காரணம் அந்தக் கைப்பிடிதான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். கரிக்குக் காற்றைக் குறைத்துக் கொடுத்தால் அது முழுக்க எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளிவரும். ஈரம் இருந்தால் கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். வேலை எதுவும் செய்யாமல் கூடவே வந்து போகும் விருந்தாளி அது. அதனால் எஞ்சினுக்குப் பெட்ரோலில் இருந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியவர்தான் தள்ளவும் வேண்டும். கிளீனர்களுக்கு நாள் முழுக்கத் தலைவலி இருக்கும். வாயு கசிவதுதான் காரணம் என்று அன்று அவர்களுக்குத் தெரியாது. பசி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆக, மரத்திலிருந்து வந்த வாயுவில் நம் ஊர்ப் பேருந்து எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓடியிருக்கிறது. இன்று இதைப் புதிய கண்டுபிடிப்புபோல யாராவது மேடையேற்றினால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்தக் கரியும் புதுப்பிக்கத்தக்கதுதானே என்று கேட்கலாம். மரம் மறுபடி முளைக்கும், உண்மை. ஆனால் போர்க்காலத்தில் வெட்டிய வேகத்துக்கு அது முளைக்கவில்லை. ஒரு வாயு புதுப்பிக்கத்தக்கதா இல்லையா என்பது அதன் பெயரில் இல்லை. எடுக்கிற வேகம், திரும்ப வருகிற வேகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது வாயு சாண எரிவாயு. சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறினால் குமிழியிடும் வாயு எரியும் என்று 1776-இல் மாஜோரே ஏரிக்கரையில் கண்டறிந்தவர் இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா. மின்கலம் செய்த அதே வோல்ட்டாதான். இன்று வாயு வண்டியா, மின்கல வண்டியா என்று சண்டை போடுகிற இரு தரப்புக்கும் மூதாதை ஒருவரே. 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுத்த வாயுவில் தெருவிளக்கு எரித்தார்கள். அடுத்த இரண்டாண்டில் பம்பாய் மாதுங்காவின் தொழுநோயாளர் இல்லத்திலும் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். நம் கிராமங்களுக்கு அது வந்தது கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வழியாக. மிதக்கும் டிரம் வைத்த கலனை 1962-இல் ஆணையம் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. கிணறுபோல வட்டமாக ஒரு குழி. அதற்குள் கவிழ்த்துவைத்த அண்டாவைப்போல இரும்பு டிரம். ஒரு பங்கு சாணி, ஒரு பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். இரவெல்லாம் வாயு சேர்ந்து, காலையில் டிரம் முழ உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் பற்றவைக்க, அது சத்தமில்லாமல் கீழே இறங்கும். எரிவாயு எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்க்க முடிந்த ஒரே அடுப்பை நான் அங்கேதான் பார்த்தேன். மார்கழிக் குளிரில் டிரம் பாதிதான் எழும்பும். அன்றைக்குக் குழம்போடு சரி, ரசம் கிடையாது.

நாடு முழுக்க இப்படிச் சுமார் 50 லட்சம் கலன்கள் கட்டப்பட்டன. பாதிக்குப் பாதி இன்று எருக்குழியாகத்தான் கிடக்கும் என்பது என் சொந்த ஊகம், புள்ளிவிவரம் கேட்காதீர்கள். டிரம் துருப்பிடித்தது. மாடு குறைந்தது. சமையல் கேஸ் சிலிண்டர் தெருமுனைக்கு வந்தது. சாணி கரைக்க எங்கள் வீட்டு மருமகள்கள் யாரும் இன்று தயாராக இல்லை. மருமகன்கள் என்றைக்குமே தயாராக இருந்ததில்லை.

இப்போது வண்டிக்கு வருவோம். ஒரு கணக்கு போடலாம், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு கிலோ ஈரச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் மீத்தேன். மற்றது கரியமில வாயு. சுத்திகரித்து மீத்தேனாக ஒரு கிலோ வேண்டுமானால் 60 முதல் 70 கிலோ சாணம் கரைக்க வேண்டும். ஒரு நகரப் பேருந்து ஒரு கிலோ வாயுவில் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 60 கிலோ வாயு, அதாவது 4 டன் சாணம். மாடு ஒன்றுக்கு 10 கிலோ என்று வைத்தால் 400 மாடு.

ஒரு பேருந்துக்கு 400 மாடு. இந்த எண்ணை நான் எங்கே சொன்னாலும் அவையில் ஒரு சலசலப்பு எழும். இப்போதும் எழுந்தது. பணிமனைக்கு 100 பேருந்து என்றால் 40,000 மாடு. இதைச் சொல்வது திட்டத்தைக் கிண்டலடிக்க அல்ல. இந்த வாயு அரிய சரக்கு என்பது மனதில் பதிய வேண்டும். இன்று நான் பேசப்போவது முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

அரிய சரக்கு என்றால் அது தானாகச் சேர்கிற இடம் பார்த்துத்தான் போக வேண்டும். குஜராத்தின் பனாஸ்கந்தா மாவட்டத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களிடம் பாலோடு சாணத்தையும் கிலோ ஒரு ரூபாய்க்கு எடுத்து, வாயுவாக்கி, வண்டிகளுக்கு விற்கிறது. பால் வண்டி போகிற ஊருக்குச் சாண வண்டியும் போகும். கணக்குப் புத்தகமும் ஏற்கெனவே இருக்கிறது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைச் செரித்து 17 டன் அளவுக்கு வாயு தரும்படி கட்டப்பட்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. இந்தூரின் சாமர்த்தியம் ஆலையில் இல்லை. அந்த மாதிரி ஆலையைக் காசு கொடுத்தால் எந்த நகராட்சியும் வாங்கலாம். வீட்டு வாசலிலேயே ஈரக்குப்பையைத் தனியே வாங்கும் பழக்கத்தை அவர்கள் முதலில் உண்டாக்கிவிட்டார்கள். நம் நகரங்களில் பச்சைக் கூடை, நீலக் கூடை இரண்டையும் மக்கள் தனித்தனியாகத்தான் கொடுக்கிறார்கள். வண்டியில் ஏறியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. செரிக்கும் கலனுக்குள் ஷாம்பு பாக்கெட் போனால் நுண்ணுயிர் என்ன செய்யும், பாவம்.

நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் நாமக்கல். கோடிக்கணக்கில் முட்டைக்கோழி, அதற்கேற்ற எரு. புதுச்சத்திரத்தில் கோழி எருவையும் கரும்பாலைக் கழிவையும் கொண்டு நாளுக்கு 15 டன் வாயு எடுக்கும் ஆலை 2020-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாவட்டத்துப் பக்கம் வேறொரு சிறிய ஆலைக்கு நான் போயிருந்தேன். ஒரு பகல் முழுக்க இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம். அது கலனுக்குள் அம்மோனியாவாக மாறி, மீத்தேன் தரும் நுண்ணுயிர்களின் கழுத்தை நெரிக்கும். அதனால் அதை மட்டும் போட முடியாது. கரும்பாலையில் சாறு தெளிந்தபின் அடியில் மிஞ்சும் சேற்றை, பிரஸ்மட் என்பார்கள், கலந்து கரிச்சத்தை ஏற்ற வேண்டும். மாட்டுச் சாணி நமக்குச் செய்த உபகாரம் இங்கே புரியும். அது வயிற்றுக்குள்ளிருந்தே நுண்ணுயிரைச் சுமந்துகொண்டு, ஏறக்குறையச் சரியான கலவையாக வெளியே வருகிறது.

அடுத்த வில்லங்கம் நான் எதிர்பாராதது. மேலாளர் ஊருக்குப் போயிருந்ததால் கலனைக் கவனிக்கும் தம்பிதான் சுற்றிக் காட்டினார். இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு தொட்டியின் அடியிலிருந்து கை நிறைய வெள்ளைப் பொடிமணலை அள்ளிக் காட்டினார்.

“என்னன்னு தெரியுதுங்களா ஐயா?”

“மணலா?”

“முட்டை ஓடு கெட்டியா வரணும்னு கோழித் தீவனத்துல சுண்ணாம்புக் கல்லுப் போடறாங்கல்லங்க, அதுதானுங்க. எருவோட வந்து அடியில உக்காந்துக்குது. விட்டா கலன்ல கால்வாசி இடம் கல்லே எடுத்துக்கும். அப்புறம் வாயு எங்கிருந்து வர்றது?”

பொறியியல் படித்தவர்கள் எழுதிய எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தக் கைப்பிடி மணலை நான் பார்த்ததில்லை. அந்தத் தம்பி கலனை மாடு என்றே சொன்னார். “நேத்துத் தீவனத்தை மாத்துனோமுங்க, இன்னைக்கு அசை போடல.” புளிப்பு ஏறிவிட்டதா என்று மீட்டரில் பார்ப்பதற்கு முன்பே வாசத்தில் கண்டுபிடித்துவிடுவாராம். அப்படி ஏறினால் அன்று எரு போடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். லங்கணம் பரம ஔஷதம்.

வெளியே வரும் வாயுவை அப்படியே வண்டிக்குக் கொடுக்க முடியாது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி எஞ்சினை அரிக்கும். முதலில் அது போக வேண்டும். பிறகு கரியமில வாயு. இரண்டும் போய், நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் மீத்தேன் நின்றால், 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இறுக்கி உருளைகளில் அடைக்கலாம். அந்த நிலையில் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் இதற்கும் எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது. டெல்லியில் உச்ச நீதிமன்றம் 1998-இல் ஆணையிட்டு, 2002 இறுதிக்குள் டீசல் நகரப் பேருந்துகள் அத்தனையும் சிஎன்ஜிக்கு மாறின. அன்று புகையைக் குறைக்கப் போட்ட ஏற்பாடு அது. ஆனால் அதனால் நாட்டில் உருவான சிலிண்டர், நிரப்பும் குழாய், வால்வு மாற்றத் தெரிந்த மெக்கானிக், இவை எல்லாம் இன்று சாண வாயுவுக்கு அப்படியே கைகொடுக்கின்றன.

இவ்வளவு இருந்தும் ஏன் பெருகவில்லை? ‘சதத்’ என்ற மத்திய அரசுத் திட்டம் 2018 அக்டோபரில் வந்தபோது, ஐந்தாண்டில் 5,000 ஆலைகள், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன் வாயு என்று இலக்கு வைத்தார்கள். ஏழாண்டு கழித்தும் ஆலைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியதே பெரும்பாடாக இருக்கிறது. எரிவாயு விற்கிறவர்கள் அதில் இவ்வளவு விழுக்காடு உயிரிவாயு கலந்தே தீர வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. 2025–26-இல் 1 விழுக்காட்டில் தொடங்கி 2028–29-இல் 5 விழுக்காடு ஆகும். நல்ல விதிதான். ஆனால் ஆலைக்காரர்கள் தூக்கம் கெட்டுக் கிடப்பது வாயுவால் அல்ல, அடியில் மிஞ்சும் கழிவால். நூறு டன் எரு உள்ளே போனால் அதில் பெரும்பகுதி சேறாகத் திரும்பி வந்து நிற்கும். அது அருமையான உரம். ஆனால் யூரியா மூட்டைக்கு இருக்கும் மானியம் அதற்கு இல்லாததால், வண்டிச் சத்தம் கொடுத்து ஏற்றிப்போக விவசாயி தயங்குகிறார். டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி 2023-இல் அறிவித்தார்கள். என் அனுபவத்தில், உரத்தை விற்கத் தெரிந்தவன் வாயு ஆலையை நடத்திவிடுவான். வாயுவை மட்டும் விற்கத் தெரிந்தவன் இரண்டாம் மழைக்காலத்தோடு மூடிவிடுவான்.

கசிவைப் பற்றிச் சொல்லாமல் நகர்ந்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். மீத்தேன் எரிந்தால் நல்ல பிள்ளை. எரியாமல் வெளியேறினால் பொல்லாதது. இருபதாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நூறாண்டுக் கணக்கில் 27 மடங்கு. ஒரு கிலோ மீத்தேன் சுமார் 1.3 லிட்டர் டீசலுக்குச் சமம். அந்த டீசலை எரிக்காமல் விட்டதால் மிச்சமாகும் கரியமில வாயு மூன்றரைக் கிலோ. இப்போது பெருக்கிப் பாருங்கள். நூறு கிலோவில் நான்கைந்து கிலோ கசிந்துவிட்டால், இருபதாண்டுக் கணக்கில் லாபம் அத்தனையும் போயிற்று. குப்பைமேட்டில் கிடந்து எப்படியும் மீத்தேனாகப் போயிருக்க வேண்டிய சரக்கு என்றால் கணக்கு நமக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாறும், மறுக்கவில்லை. ஆனாலும் சேற்றுக் குளத்தைத் திறந்துபோட்டுவிட்டு, வாசலில் ‘பசுமை எரிசக்தி’ என்று பலகை வைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சோப்பு நுரை தடவிப் பார்த்தால் தெரிகிற கசிவுக்குக்கூட அங்கே ஆள் இல்லை. கரி பஸ் கிளீனர்களின் தலைவலி நினைவுக்கு வந்தது.

மூன்றாவது வாயு ஹைட்ரஜன். சபையில் இதற்காகவே வந்தவர்கள் சிலர் இருப்பார்கள்; அவர்களைக் கொஞ்சம் வருத்தப்படுத்தப் போகிறேன்.

சூரிய மின்சாரத்தையோ காற்று மின்சாரத்தையோ கொண்டு தண்ணீரைப் பிரித்தால் பசுமை ஹைட்ரஜன். ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரமும், வேதிக் கணக்குப்படி 9 லிட்டர் தூய நீரும் வேண்டும். அந்த ஒரு கிலோவைக் கொண்டு எரிபொருள்கலப் பேருந்து 12 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். அதே 55 யூனிட்டை மின்கலத்தில் ஏற்றிய பேருந்து 40 கிலோமீட்டர் ஓடும். தேங்காயை ஊரில் கொடுத்துவிட்டு, அதையே சந்தைக்குப் போய் மூன்று மடங்கு விலைக்கு வாங்கிவருகிற கதை. சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் புறப்பட்டபோது, நகரப் பேருந்தைப் பொறுத்தவரை இந்த வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இரவு பணிமனைக்குத் திரும்புகிற வண்டிக்கு வயர் போதும்.

ரயிலுக்கும் கிட்டத்தட்ட இதே தீர்ப்புதான். ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் 2018-இல் உலகின் முதல் ஹைட்ரஜன் பயணி ரயிலை ஓடவிட்டது. 2022-இல் பிரெமர்ஃபோர்டெ பக்கத்து வழித்தடத்தில் 14 ரயில்கள் என்று விரித்தது. அடுத்த ஆண்டே, இனிமேல் வாங்கப்போவது மின்கல ரயில்களைத்தான் என்று அதே மாநிலம் சொல்லிவிட்டது. காரணம் சித்தாந்தம் ஒன்றுமில்லை, ஓட்டும் செலவு. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் பெட்டியைச் சோதித்தார்கள். அரியானாவின் ஜிந்த்–சோனிபட் தடத்துக்காக. செய்தவர்களின் கைத்திறனுக்கு என் வணக்கம். ஆனால் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்ட நாட்டில் அதற்கு எத்தனை தடம் மிச்சம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025-இல் ஒரு சோதனை ஹைட்ரஜன் நிலையம் திறந்தார்கள். அதில் கிடைக்கும் வாயுவிலிருந்து குடியிருப்பின் தெருவிளக்கும் மின்வண்டி நிரப்பும் இடமும் இயங்குகின்றன. மின்சாரத்திலிருந்து வாயு, வாயுவிலிருந்து மறுபடி மின்சாரம். கை பழகுவதற்காக என்றால் சரி. தெருவிளக்குக்காக என்றால், எதிரே வ.உ.சி. சிலை இருந்தால் அவர் என்ன சொல்வார் என்று யோசிக்கிறேன். கப்பலுக்காகச் சொத்தை இழந்தவர் அவர்.

கப்பல் என்றதும்தான் ஹைட்ரஜனுக்கு உரிய இடம் வருகிறது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கப்பலை மின்கலத்தில் ஓட்ட முடியாது. ஹைட்ரஜனை அம்மோனியாவாகவோ மெத்தனாலாகவோ மாற்றி அதற்குக் கொடுக்கலாம். அதற்கும் முன்னால், நம் உரத் தொழிற்சாலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்துச் செலவழிக்கின்றன. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் அறிவித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 2030 இலக்கும் ஆண்டுக்கு 50 லட்சம் டன்தான். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். உரத்துக்கும் சுத்திகரிப்புக்கும் கொடுத்தாலே தீர்ந்துவிடும். காருக்கு எங்கிருந்து மிஞ்சும்?

எங்கள் ஊர் கண்மாய்ப் பாசன ஊர். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைப்பார்கள். நீர்ப்பாய்ச்சி கையில் மண்வெட்டியோடு இரவெல்லாம் வரப்பில் நடப்பார். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவருக்கு மனப்பாடம். அதில் ஒரு வழக்கம் உண்டு: வயலில் சொந்தக் கிணறு வைத்திருப்பவனுக்குக் கடைசி முறை. அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. அவனுக்கு வேறு வழி இருக்கிறது. கிணறு இல்லாதவனுக்கு இந்த மடையை விட்டால் நாதியில்லை. என் பெரியப்பாவுக்குக் கிணறு இருந்தது. ஒவ்வொரு பஞ்சத்திலும் அவர் நீர்ப்பாய்ச்சியோடு மல்லுக்கட்டியதும், ஒரு தடவைகூட ஜெயிக்காததும் எங்கள் வீட்டில் இன்னும் பேசப்படும் கதை.

எரிசக்தி மாற்றத்தைப் பற்றி இத்தனை ஆண்டு படித்ததில் அந்த நீர்ப்பாய்ச்சியைவிடத் தெளிவாகச் சொன்னவர் எவரையும் நான் காணவில்லை. வயரோ மின்கலமோ எட்டுகிற வண்டி கிணறு உள்ள வண்டி. இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், நகரப் பேருந்து, ரயில், எல்லாம் கிணற்றுக்காரர்கள். அவர்கள் வாயுவுக்கு வரிசையில் நிற்கவே கூடாது. ஆனால் இன்று சிஎன்ஜி பங்க்கில் நிற்கிற வரிசையைப் போய்ப் பாருங்கள்: காரும் ஆட்டோவும்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. டீசலைவிட மலிவு, வாங்குகிறார்கள். மடையைத் திறந்துவிட்டவர்கள் முறை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கிணறு இல்லாதவர்கள் யார்? நாமக்கல்லில் இருந்து புறப்பட்டு நான்கைந்து மாநிலம் தாண்டிப் போகிற சரக்கு லாரி. அறுவடைக் காலத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிற இயந்திரம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போட முன்பின் தெரியாத காட்டுக்குப் போகிறது, அங்கே எந்த சார்ஜர் இருக்கும்? இவர்களிலும் லாரிக்கு ஒரு சிக்கல். 200 மடங்கு இறுக்கிய வாயுகூட ஒரு லிட்டர் இடத்தில் டீசல் தருவதில் நான்கில் ஒரு பங்கு சக்திதான் தரும். நெடுந்தூரம் போக வேண்டுமானால் உருளைகளே சரக்கின் இடத்தைத் தின்றுவிடும். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி ஏற்றலாம், ஆனால் அதை நிரப்பும் இடங்கள் நெடுஞ்சாலையில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. ஆகவே முதல் முறை ஆலையைச் சுற்றியே ஓடுகிற வண்டிகளுக்குப் போக வேண்டும் என்பேன்: கரும்பு டிராக்டர், தீவன லாரி, முட்டை வண்டி, எரு ஏற்றி வருகிற டிப்பர். காலையில் கிளம்பி மாலையில் அதே இடத்துக்குத் திரும்புகிறவை. கலனுக்குத் தீனி கொண்டுவருகிறவையும் அவைதான்.

இதை அந்தச் சிறிய ஆலையின் வாசலில் நின்று நினைத்துக்கொண்டிருந்தபோது, வாயு ஏற்றிய வண்டி ஒன்று வெளியே வந்தது. பச்சை வண்ணம் அடித்த உருளைகள் அடுக்கடுக்காக. எடைபோடக் காத்திருந்த நேரத்தில் பின்குழாயில் கரும்புகை கக்கியது. ஓட்டுநர் என் வயதுக்காரர். கிட்டே போய்க் கேட்டேன்.

“இந்த வண்டி எதுல ஓடுதுங்க?”

“டீசல்லதானுங்க.”

“பின்னாடி இவ்வளவு வாயு ஏத்திட்டுப் போறீங்களே?”

அவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் உருளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நானும் கேட்டனுங்க. இதெல்லாம் பங்க்குக்குப் போற சரக்கு, தொடக்கூடாதுன்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டு, கியரைப் போட்டுக் கிளம்பினார்.